கஞ்சியிட்ட வெண்துகில்

மேற்கே கொடிமலை முகிலை இழுத்துத் தலைவரை போர்த்துக்கொண்டு படுத்திருந்தது; கிழக்கே கடல் ஈயநிறம் பூண்டு அலையடங்கிக் கிடந்தது; இரண்டுக்கும் இடையே, பிற்பகல் பெய்த பெருமழையில் முழுகியெழுந்த ஜார்ஜ் டவுன் என்னும் தீவுநகரம், சிவந்த ஓட்டுக்கூரைகளினின்றும் நீர் சொட்டச் சொட்ட, பொழுது சாயும் நேரத்து மஞ்சள் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. கடைத்தெருவில் பூக்கடைக்காரர் நனைந்த விரிப்பை உதறிவிட்டுச் செவ்வந்தியையும் மல்லிகையையும் மீண்டும் பரப்ப, பள்ளிவாசலின் தொழுகையழைப்பு ஓய்ந்த இடத்தில் மாரியம்மன் கோயில் மணி எழ, சீனர் கோயிலின் ஊதுவத்திப் புகை தெருமுனை திரும்பி வர, அக்கரையிலிருந்து வந்த படகு ஆட்களை இறக்கி ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. கலைமகள் விழா நெருங்கிவிட்டபடியால் பொரியும் அவலும் கடலையும் கடைவாயில்களில் குவிந்து கிடந்தன. கண்ணுள்ளவர் எவரும் சற்று நின்று பார்த்துவிட்டுப் போகும் பொழுது அது.

ஆனால், நன்மக்களே, அந்தத் தெருவிலேயே, அப்துல் ரசாக்கின் சோற்றுக்கடைக்கு மேல்மாடியில், இவற்றுள் எதனையும் காணாமல் ஒருத்தி அமர்ந்திருந்தாள். எப்படிக் காண்பாள்? அவ்வீட்டுச் சாளரங்கள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. சாளரம் திறந்தால் மழைக்காற்று வரும். காற்றோடு ஈரம் வரும். ஈரத்தோடு பூச்சி வரும். பூச்சி வந்தால் நூல்கள் போகும். நூல்களைக் காக்கப் புகுந்து, அவற்றோடு தன்னையும் உள்ளே வைத்துத் தாழிட்டுக்கொண்ட அந்தப் பெண்ணின் பெயர் குமுதா. நாற்பதைக் கடந்தவள், மறைந்த கார்த்திகேசுவின் ஒரே மகள்.

கார்த்திகேசு துறைமுகத்தில் எழுத்தராய் இருந்தவர். உண்பதைக் குறைத்தும் உடுப்பதைக் குறைத்தும் நூல் வாங்கியவர். பழந்தமிழ்ச் செய்யுளும், இறைவன்மேல் அடியார் பாடிய பாட்டும், மருத்துவச் சுவடியைப் பார்த்து அச்சிட்ட ஏடும், கப்பலேறி வந்து நின்றுபோன கிழமையிதழ்களுமாக அவர் சேர்த்து வைத்தவை, சுவர் தெரியாதபடி நிறுத்திய நிலைப்பேழைகளில் அடைந்து கிடந்தன. மருத்துவமனைக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோது அவர் மகளின் கையைப் பற்றினார். "பிரிச்சிடாதம்மா. எல்லாத்தையும் மொத்தமா எடுத்துக்கிற நல்ல எடமாப் பார்த்துக் குடு. அதுவரைக்கும் நீதான் காவல்" என்றார். அவளும் அழுதுகொண்டே கையடித்து உறுதி தந்தாள். போகிறவர்களுக்கு என்ன, பாருங்கள்! கேட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாய்ப் போய்விடுகிறார்கள். கொடுத்தவர்கள்தாம் மிச்ச நாளெல்லாம் அந்தக் கையை நீட்டியபடியே நிற்கவேண்டியிருக்கிறது.

அந்தக் காவலின் அருமையை என்னென்று சொல்வேன்! பகைவர் ஒருவரா, இருவரா? தாளுக்கும் தாளுக்கும் நடுவே வெள்ளைத் தூசியாய் ஊரும் புத்தகப் பேன் ஒருபுறம். அட்டையின் ஓரத்தைக் கொறித்துவிட்டு மீசையாட்டிக்கொண்டு ஓடும் கரப்பான் ஒருபுறம். பேழையின் அடிக்கட்டையில் மண்கோடு இழுத்து ஏறப்பார்க்கும் கரையான் ஒருபுறம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரார் இராமபாணம் என்று வழங்கும் பூச்சி. அதற்கு இறகில்லை, ஓசையில்லை. அது யாரையும் கடிப்பதில்லை. விளக்கைப் போட்ட நொடியில் மூவாலையும் இழுத்துக்கொண்டு, கைக்கு அகப்படாத மீன்குஞ்சாய் நழுவி, நூலின் முதுகிடுக்கில் போய் மறையும். அதற்கு வேண்டியது பசை. முதுகுப் பசையைத் தின்று கட்டை அவிழ்த்துவிடும். அட்டையின் மேற்பூச்சைச் சுரண்டி நூலின் பெயரையே இல்லாமலாக்கிவிடும். இருளும் ஈரமும் பசையும் கிடைக்கும் வரையில் அது சாவதாயில்லை.

குமுதா வேப்பிலையைக் காயவைத்துத் தூவினாள். கிராம்பை முடிந்து தொங்கவிட்டாள். பாச்சை உருண்டையும் சூடமும் மூலைக்கு மூலை வைத்தாள். அவள் கூந்தலிலும் சோற்றிலும் சூடம் மணந்தது. அண்டை அயலார்க்கு அவள் தைத்துக் கொடுக்கும் இரவிக்கைகளிலும் அந்த மணம் ஏறியது. "அக்கா தைச்ச ஜாக்கெட்டப் போட்டா கோயிலுக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்குலாஹ்" என்று, இவ்வூர் வழக்கப்படி லாஹ் ஒன்றைச் சேர்த்து, பெண்கள் சிரிப்பார்கள். முன்பு அவள் பாயான் பாருவில் மின்கருவி ஆலையொன்றில் வேலை பார்த்தாள். பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடந்த ஒரு மழைக்காலத்தில் ஒரு பேழை முழுவதும் பூசணம் பூத்துவிடவே, வேலையை விட்டாள். பைராம் தோட்டத்தில் அத்தைமகளின் திருமணத்துக்குப் போனவள், வானம் இருட்டுவதைக் கண்டு, தாலி ஏறிய கையோடு பந்தியில் உட்காராமல் திரும்பி ஓடிவந்தாள். ஐயோ பாவம் என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கும் தோன்றுகிறது.

அந்த ஆலையில் மேற்பார்வை செய்தவன் மோகனராஜ். மனைவியை நோய்க்குப் பறிகொடுத்தவன், குரலுயர்த்திப் பேசாதவன். குமுதாவை அவன் விரும்பினான். அவளும் அவனை விரும்பினாள், அதில் ஐயமே வேண்டா. ஆனால் பாயான் பாருவில் அவனிருந்த அடுக்குவீடு சிறியது. நிலைப்பேழை ஒன்றை நிறுத்தினாலே கதவு திறவாது. "புத்தகமெல்லாம் ஒரு நல்ல எடத்துக்குப் போகட்டும், குமுதா. நான் இருக்கேன்" என்றான். சொன்னபடியே இருந்தான். ஒருமுறை அவன் வீட்டுக்கு அவளை அழைத்துச் சென்றபோது, திறந்திருந்த சாளரத்தின் வழியே காற்று வந்து அவள் முகத்தில் வீச, பேசிக்கொண்டே எழுந்துபோய் அதை இழுத்து அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தான் செய்தது அவளுக்கே தெரியவில்லை. மோகனராஜ் அன்று சிரித்தான்.

இனி அவள் காவலின் தலையாய சடங்கையும் சொல்லிவிடுகிறேன். கலைமகள் விழாவை ஒட்டி ஆண்டுதோறும் அவள் நூல்கள் அனைத்தையும் இறக்குவாள், துடைப்பாள், சந்தனப்பொட்டும் குங்குமமும் இடுவாள், பின்னர், தந்தையின் வெள்ளை வேட்டிகளைத் துவைத்துக் கஞ்சியிட்டு, நிழலில் உலர்த்தி, விறைப்பாய் மடித்து, கட்டுக்கட்டாக நூல்களைப் போர்த்தி வைப்பாள். கார்த்திகேசு தம் வேட்டி மொடமொடவென்று நில்லாவிட்டால் தெருவில் கால் வைக்கமாட்டார். அவருக்குச் செய்த பணியை அவர் நூல்களுக்கும் செய்தாள், அவ்வளவுதான். நாள்தோறும் அவள் சோறாக்குவது மின்சாரச் சோற்றுப்பானையில். அதில் கஞ்சி வடிக்க வழியில்லை. ஆதலால் இதற்கென்றே பரண்மேல் ஒரு வெண்கலப் பானை இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை அது கீழே இறங்கும்; அரிசி குழையக் குழைய வேகும்; வீடு முழுவதும் கஞ்சி மணக்கும். அந்த மணம் வந்தால், அப்பா அடுத்த அறையில் வேட்டிக்குக் காத்திருப்பதாக அவளுக்குத் தோன்றும்.

இப்போது தொடங்கிய இடத்துக்கு வருவோம். அன்று மாலை அவள் அடைத்த கூடத்தில் அமர்ந்திருந்தது ரமணி என்பவளை எதிர்நோக்கி. அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம் என்னும் ஊரில், கோயிலை அடுத்த ஒரு மாடியில், தமிழர் சிலர் கூடி ஒரு படிப்பகம் வைத்திருந்தார்கள். பள்ளியாசிரியையான ரமணி அதன் பொறுப்பாளர். எதனையும் பிரிக்காமல், எல்லா நூல்களையும் கார்த்திகேசுவின் பெயரிலேயே தனி அறையில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ரமணி வந்து ஒருமுறை பார்த்துத் தலையசைத்தால் போதும். தந்தைக்குத் தந்த உறுதி நிறைவேறிவிடும். இந்தத் தீபாவளிக்குள் குமுதா மோகனராஜின் மனைவியாகிவிடுவாள்.

ரமணி வந்தாள். தேநீர் குடித்தாள். பேழையின் கதவைத் திறந்து, சீருடை அணிந்த பள்ளிப்பிள்ளைகளாய் அடுக்கடுக்காய் உட்கார்ந்திருந்த வெள்ளைக் கட்டுகளைக் கண்டு, "எவ்ளோ அழகா வெச்சிருக்கீங்கக்கா! எங்க படிப்பகத்துல இந்த மாதிரி யாரு செய்றா?" என்று வியந்தாள். குமுதாவுக்கு உள்ளம் பூரித்தது. இத்தனை ஆண்டுகளில் அவள் உழைப்பைக் கண்டு ஒருவர் வாய்திறந்து சொன்ன முதற் பாராட்டு அதுவே. "பிரிச்சுப் பாருங்க டீச்சர், நல்லாப் பிரிச்சுப் பாருங்க" என்றாள்.

ரமணி முதற்கட்டை மடியில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். வேட்டியின் விறைத்த மடிப்பு விரிந்ததுதான் தாமதம், உள்ளிருந்து இராமபாணப் பூச்சிகள் கொட்டின. அவள் மடியிலும் முன்கையிலும் தரையிலும் அவை பளபளத்து ஓட, அவள் வீரிட்டு எழுந்தாள். மடியிலிருந்த நூல் கீழே விழுந்து, முதுகுக் கட்டு இற்று, தாள்தாளாய்ப் பரந்தது. அடுத்த கட்டும் அவ்வாறே, அதற்கடுத்ததும் அவ்வாறே. வேட்டிகள் ஒளிக்கு நேரே பிடித்தால் சல்லடையாய்த் தெரிந்தன. ஒவ்வோராண்டும் குமுதா துடைத்தபோது ஒன்றிரண்டு பூச்சிகள் ஓடியதுண்டு. ஒன்றிரண்டு தாள்கள் நழுவியதுண்டு. அவற்றைச் செருகி மூடிவிட்டு, இவ்வாண்டு கஞ்சியை இன்னும் கெட்டியாய்ப் போடவேண்டும் என்றே எண்ணியிருந்தாள். பேழையின் அடித்தட்டில் ஒரே ஒரு கட்டு மட்டும், வேட்டி போதாமற்போனதால் போர்த்தாமல் விடப்பட்டது, தூசியேறிக் கிடந்தது. ரமணி அதை எடுத்துத் தட்டிப் பிரித்தாள். அது முழுதாயிருந்தது.

குமுதா அதனைப் பார்த்தாள். கையிலிருந்த வேட்டியைப் பார்த்தாள். மெல்ல அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பழஞ்சோற்றின் புளித்த மணம் வந்தது.

"கஞ்சி" என்றாள். "நான்தான் இதுங்களுக்கு வருசா வருசம் சோறு போட்டிருக்கேன்."

ரமணி அருகில் வந்தாள். குமுதாவின் தோளைத் தொட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இப்படியே கொண்டுபோனா அங்க உள்ள புத்தகமும் போயிடும்லாஹ். ஆனா இதுக்கு வழி இருக்கு. பிளாஸ்டிக் பையில காத்துப் புகாம கட்டி, பெரிய ஃப்ரீசர்ல கொஞ்ச நாள் வெச்சா எல்லாம் செத்துடும், முட்டையோட. அவிழ்ந்ததை நாங்களே தைச்சுக்கிறோம். நீங்க அதை மட்டும் செஞ்சுடுங்க. அடுத்த வாரமே வந்து எடுத்துக்கச் சொன்னாலும் வர்றோம்." படியிறங்கும்போது திரும்பி நின்று, "இனிமே அந்தத் துணி மட்டும் வேணாம்க்கா" என்றாள்.

வீரிட்ட ஒலி கேட்டு மேலே வந்திருந்த அப்துல் ரசாக்கும் அவன் மனைவி ஹமீதாவும் படியிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தனர். ரசாக் ஒரு நொடியும் தயங்கவில்லை. "குமுதாக்கா, இதுக்கா கவலைப்படுறீங்க? நம்ம கடையில ரெண்டு ஃப்ரீசர் பெட்டி இருக்கு. ஒண்ணைக் காலி பண்ணித் தர்றேன், கொஞ்சங் கொஞ்சமா வெச்சு எடுங்க" என்றான்.

"இறைச்சி வெச்ச பெட்டியாச்சே, தம்பி" என்றாள் குமுதா. "சாமி பாட்டெல்லாம் இருக்கு. அப்பா பூஜை பண்ணின புத்தகம்."

"நான் சோப்புப் போட்டு, வெந்நீர் ஊத்தி அலசித் தர்றேன்க்கா" என்றாள் ஹமீதா. "பிளாஸ்டிக்ல கட்டித்தானே வைக்கப் போறீங்க? உங்க சாமிக்கு ஒரு கொறையும் வராது."

"பார்க்கலாம்மா" என்று குமுதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேளுங்கள் இந்த நியாயத்தை! அந்தப் பெட்டியில் உறைந்து அந்தக் கடையில் வெந்த கோழியை, வெள்ளிக்கிழமை நீங்கலாக, நாவூற உண்டு வந்தவள் அவள். வயிற்றில் ஒட்டாத தீட்டு நூலில் ஒட்டிக்கொள்ளுமாம். ரசாக்கின் முகம் சற்றே வாடியது; "எப்ப வேணும்னாலும் சொல்லுங்கக்கா" என்று இறங்கிப்போனான்.

மறுநாள் மோகனராஜ் ஓடோடி வந்தான். நடந்ததையெல்லாம் கேட்டான்; கொட்டிக் கிடந்த தாள்களைப் பார்த்தான். இறைச்சிப்பெட்டி வேண்டாமென்றால் புதிதாய் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றான். வைக்க இடமில்லை என்றாள். என் வீட்டில் வைக்கிறேன் என்றான். அவ்வளவு தொலைவு மழையில் எடுத்துப்போனால் நனைந்துவிடும் என்றாள். மழையில்லாத நாளில் எடுத்துப்போகலாமே என்றான். இந்த மாதத்தில் மழையில்லாத நாள் எங்கே இருக்கிறது என்றாள்.

"குமுதா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதே. உனக்கு இந்தப் பூச்சி போகணுமா? இல்ல, இருக்கணுமா?"

அவளுக்குச் சினம் மூண்டது. என்ன பேச்சு பேசுகிறீர்கள், என் உயிரையே கொடுத்துக் காத்தேனே என்று பொருமினாள். அவன் எதிர்வாதம் செய்யவில்லை. "பூஜைக்கு மொத நாள் லீவு போட்டுட்டு வர்றேன். அட்டைப்பெட்டியும் பையும் நானே கொண்டாறேன். நானும் ரசாக்கும் தூக்கிக் கீழ கடை ஃப்ரீசருக்குக் கொண்டுபோயிடறோம். நீ ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா இரு. அது போதும்" என்று சொல்லிவிட்டுச் சென்றான்.

சும்மா இரு என்று அவன் எளிதாகச் சொல்லிவிட்டான். அடுத்து வந்த நாள்களில் குமுதா அதைத்தான் முயன்றாள். பேழைகள் இல்லாத வீட்டை எண்ணிப் பார்த்தாள். காலையில் எழுவாள், எழுந்து? எந்தக் கதவைத் திறந்து எந்தக் கிராம்பு முடிச்சை முகர்வாள்? வானம் இருட்டினால் யாருக்காக ஓடிவருவாள்? பாயான் பாருவின் அந்தச் சிறு வீட்டில், திறந்த சாளரத்தின் முன்னே, வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்பதைக் கடந்த ஒரு பெண் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவள் யாரென்றே இவளுக்குத் தெரியவில்லை. தந்தைக்கு மகள், நூலுக்குக் காவல் என்ற இரண்டையும் கழற்றி வைத்துவிட்டால் மீதி என்ன இருக்கிறது என்று பார்க்க அவளுக்கு அச்சமாயிருந்தது. மெய்யாகவே அச்சம். பூச்சிக்கும் பூசணத்துக்கும் அஞ்சாதவள் அதற்கு அஞ்சினாள். நாம் அவளைத் திட்டலாம். நானே திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆயினும் அந்த அச்சம் பொய்யன்று.

விழாவுக்கு முதல்நாள் பிற்பகல், வியப்பாக, மழையில்லை. கொடிமலை துடைத்து வைத்தாற்போல் தெரிந்தது. மோகனராஜ் மடித்த அட்டைப்பெட்டிகளைத் தோளிலும் பெரிய நெகிழிப் பைகளைக் கையிலுமாகச் சுமந்துகொண்டு கடைவாயிலுக்கு வந்தான். "ஃப்ரீசர் காலியா இருக்கு அண்ணே. ஹமீதா ரெண்டு தடவை கழுவி வெச்சிருக்கு. நீங்க போங்க, கல்லாவுக்கு ஆள் விட்டுட்டு வந்துடறேன்" என்றான் ரசாக். மோகனராஜ் சிரித்த முகத்தோடு படியேறினான். பாதிப் படியில் அவனுக்கு ஒரு மணம் வந்தது.

அரிசி குழைய வேகும் மணம்.

அடுக்களை வாயிலில் போய் நின்றான். அடுப்பின்மேல் வெண்கலப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே மின்சாரச் சோற்றுப்பானை, கம்பி சுற்றப்பட்டு, மூடி துடைக்கப்பட்டு இருந்தது. கழுவுதொட்டியின் அருகே வாளியில், துவைத்துப் பிழிந்த வெள்ளை வேட்டிகள் முறுக்கு முறுக்காய்க் கிடந்தன. குமுதா அகப்பையால் கிண்டிக்கொண்டிருந்தாள். அவன் வந்தது அவளுக்குத் தெரியும், அவள் திரும்பவில்லை.

"சோறா வேகுது?" என்று கேட்டான்.

"ஆமா. சோறுதான்."

"ரைஸ் குக்கர் கெட்டுப்போச்சா?"

ஆவி மேலெழுந்து அவள் முகத்தை மூடியது. அவன் வாளியைப் பார்த்தான், பானையைப் பார்த்தான், அகப்பை பிடித்த கை சுற்றிச் சுற்றி வருவதையும் பார்த்தான். அவள் கை நிற்குமா என்று சற்றுநேரம் காத்தும் நின்றான். கை நிற்கவில்லை. அவன் அட்டைப்பெட்டிகளை ஓசைப்படாமல் இறக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தான். அவற்றின்மேல் நெகிழிப் பைகளை மடித்து வைத்தான்.

"நான் போறேன், குமுதா."

வீட்டைவிட்டு இறங்கும் தமிழன் எவனும் போறேன் என்று சொல்லமாட்டான். எத்தனை தொலைவு போனாலும் வர்றேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவான். இத்தனை ஆண்டுகளாக அவனும் அப்படித்தான் சொல்லிவந்தான். அந்தச் சொல் அவள் நெஞ்சில் போய்த் தைத்தது. கண்ணீர் பொலபொலவென்று வந்தது. கூப்பிட வாய் திறந்தாள். படியில் அவன் காலடி இறங்கிக்கொண்டிருந்தது. நிதானமாகத்தான் இறங்கினான், கூப்பிட்டால் கேட்கும் தொலைவில்தான் இருந்தான். கீழே ரசாக் ஏதோ கேட்பதும் இவன் ஏதோ சொல்வதும் காதில் விழுந்தன. அந்நேரம் பானை பொங்கிவிட்டது. பொங்கியதைக் கண்டதும் அவள் கை தானாய்ப் போய் அடுப்பைத் தணித்தது. பிறகு துணியைச் சுற்றிப் பானையைச் சாய்த்து, கஞ்சியைப் பதமாக வாளியில் வடித்தது.

வெளியிலிருந்து பூட்டிய கதவு என்றால் உடைத்துத் திறக்க யாரேனும் வருவர், நன்மக்களே. அவனும் வந்தான், படிப்பகத்தாரும் வந்தனர், கீழ்வீட்டாரும் வந்தனர். உள்ளிருந்து இட்ட தாழைத் திறக்க அவர்களால் ஆகுமா? பூச்சிக்கு அன்பும் தெரியாது, வஞ்சமும் தெரியாது. இட்டதை உண்டு, இட்ட இடத்தில் வாழ்ந்துவிட்டுப் போகும். இட்ட கையைத்தான் நான் நினைத்து நினைத்து வருந்துகிறேன்.

ஊர் அடங்கும் நேரத்துக்குள் வேட்டிகள் அடைத்த கூடத்தின் கொடியில், மின்விசிறிக் காற்றில், உலர்ந்துவிட்டன. அவள் ஒவ்வொன்றாய் எடுத்து உதறி, மடிப்பைக் கையால் நீவி, உதிர்ந்த தாள்களை ஒழுங்குபடுத்திப் போர்த்தி, முடிச்சிட்டு, பேழையில் வைத்தாள். போர்த்தாமல் முழுதாயிருந்த அந்த ஒரு கட்டுக்கும், மற்றவை தின்னப்பட்டுச் சுருங்கியிருந்தபடியால், இம்முறை துணி போதுமாயிருந்தது. மறுநாள் கலைமகள் விழா. வேட்டிகள் எல்லாம் அப்பாவுக்குப் பிடித்தபடி மொடமொடவென்று இருந்தன.